ஒன்றுக்கு இரண்டு மரம்

“டொலறஸோட எனக்கு இனி ஒரு கதையும் இல்லை. அறை கட்ட விடாமல் கவுன்சிலுக்குக் கடிதம் போட்ட மனுசி!”

ஜீவரத்தினம் சொன்னால் சொன்னதுதான். எட்டு மாதமாக அடுத்த வீட்டு டொலறஸுடன் பேச்சில்லை. தேவாலயத்து ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் டொலறஸ் கை கூப்பினால், இவர் அந்தப் பக்கம் திரும்பித் தூணுக்குக் கும்பிடு போடுவார்.

மனைவி எமில்டாவுக்குப் பாரிசவாதம். மாடிப்படி ஏற ஏலாது. புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த குட்மேய்ஸ் வீட்டின் பின்பக்கம் கீழேயே ஓர் அறை கட்டியாக வேண்டும். அந்த இடத்தில் நின்றது ஒரு ஹாதோர்ன் முள்மரம். கட்டிட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டதும் அயலாரிடமிருந்து கவுன்சிலுக்குப் போனது ஒரேயொரு கடிதம். எழுதியவர் டொலறஸ்.

மகள் ஜெனோஜா அதைக் கவுன்சில் இணையத்தளத்தில் பார்த்துச் சொன்னாள்.

“மரத்தை வெட்டுறது தனக்குக் கவலையாம் எண்டு எழுதியிருக்கிறா, அப்பா. பிறகு...”

“காணும், நிப்பாட்டு!”

அனுமதி கிடைத்தது. வெட்டும் மரத்துக்குப் பதிலாக இந்த நாட்டுக்குரிய மரம் இரண்டு நட வேண்டும், பட்டுப்போனால் மறுபடி நட வேண்டும் என்று நிபந்தனை. அந்த வரியோடு ஜீவரத்தினம் கடுதாசியை மடித்துவிட்டார். எல்லாம் டொலறஸ் பார்த்த வேலை!

“டொலறஸ் ஏன் வாறேல்லை?” படுக்கையிலிருந்து எமில்டா நாக்குழறக் கேட்பாள்.

“அவவுக்கு நேரமில்லையாம்.”

இந்தப் பொய்யைச் சொல்ல அவருக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

அறை முடிந்த அன்று டொலறஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“அண்ணை, மரம் எங்க வைக்கப் போறியள்?”

ஜீவரத்தினம் கதவைப் படாரென்று சாத்தினார். இரண்டு கன்றையும் தோட்டத்தின் கோடியில், கொட்டிலுக்குப் பின்னால் கொண்டுபோய் நட்டார். இனி எட்டிப் பார்க்கட்டும், பார்ப்போம்!

மரத்தைச் சோதிக்கக் கவுன்சிலிலிருந்து வந்த அதிகாரி ஓவியா, மதுரைக்காரி. தமிழ்ப் பிள்ளைதானே, ஒரு தேத்தண்ணியோடு அலுவலை முடித்துவிடலாம் என்று ஜீவரத்தினம் நினைத்தார். அவளோ தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

“கன்று நல்லா இருக்கு சார். இடம்தான் தப்பு. புது ரூம் ஜன்னலுக்கு நேரா வைக்கணும்னு நிபந்தனையிலயே இருக்கே?”

“நடுத் தோட்டத்திலயோ? எந்த விசரன்ர சட்டம் பிள்ளை இது?”

“ரெண்டு மரம் வைக்கணும்கிறதுதான் எங்க சட்டம். இடம், பக்கத்து வீட்டம்மா கேட்டுக்கிட்டது.”

“பாத்தியளே! எங்களை நிம்மதியா இருக்க விட அந்த மனுசிக்கு ஏலாது!”

ஓவியா அவரை ஒரு கணம் பார்த்தாள்.

“அவங்க லெட்டரை முழுசா படிச்சீங்களா சார்?”

ஜீவரத்தினம் தலையைச் சொறிந்தார். அவள் போனில் அந்தக் கடிதத்தை எடுத்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி மெல்லச் சொன்னாள்.

“‘மரத்தை வெட்டறது எனக்குக் கவலைதான். இருந்தாலும் ரூமைச் சீக்கிரம் கட்ட விடுங்க. எமில்டா தினமும் அந்த மரத்துக் குருவிங்களுக்கு அரிசி போடுவா. இனிமே அவளால வெளியில வர முடியாது. புது மரத்தை, அவ படுத்துக்கிட்டே பாக்கற இடத்துல வைக்கச் சொல்லுங்க.’”

ஜீவரத்தினம் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இன்னும் ஒரு வரி இருக்கு சார்.”

“வாசி பிள்ளை.”

“‘அவ புருஷன்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. ராப்பகலா அவளைப் பாத்துக்கற மனுஷன், இது தனக்குத் தோணலையேன்னு வருத்தப்படுவார்.’”