அடிபம்பின் இரைச்சல்

ராஜகிரி மலை மறைப்பதால் வீட்டுக்குள் டவர் கிடைப்பதில்லை. தெருக்கோடி அடிபம்பருகே வந்தால்தான் செல்போனில் டாக்டரின் முகம் அசைகிறது. கலைமதி சுவரோடு ஒட்டி வெயிலில் நிற்கிறாள். காலையிலிருந்து அறுந்து அறுந்து இப்போதுதான் இணைப்பு கிடைத்திருக்கிறது. இயர்போனோ வேலை செய்யவில்லை. புது மாத்திரையால் கையெல்லாம் தடிப்பு. இன்றைக்கு அதை விழுங்குவதா, விடுவதா என்று கேட்டாக வேண்டும். "எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திட்டீங்களாம்மா?" என்கிறது போன், கணீரென்று. அவள் பதறி அதை மார்போடு பொத்திக்கொள்கிறாள். வரிசையில் நிற்கும் பெண்கள் சீரியல் கதையில் மூழ்கியிருக்கிறார்கள். பம்படியில் நிற்கும் தனலட்சுமி மட்டும் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஓங்கி அடிக்கத் தொடங்குகிறாள். துருவேறிய இரும்பின் கிறீச்சொலி தெருவை நிறைக்கிறது. குடம் நிரம்புகிறது, அவள் நிறுத்தவில்லை. "இன்னாக்கா, ரொம்பி வழியுது, தூக்கமா?" என்கிறாள் வரிசையில் ஒருத்தி. "கலங்கலா வருதுடி. தெளியட்டும்." தெளிந்த நீர் கலைமதியின் பாதத்தை நனைத்து ஓடுகிறது. போனை முகத்தருகே பிடித்துத் தடித்த கையைக் காட்டுகிறாள். டாக்டர் ஏதோ சொல்ல வாய் திறக்கிறார். திறந்த வாயோடு படம் உறைந்துவிடுகிறது. "ஆண்டவனே," என்று பல்லைக் கடித்தபடி மறுபடி அழைக்கிறாள். தனலட்சுமி அவள் பக்கம் பார்க்காமலே, நிறைந்த குடத்தைச் சாய்த்துக் கொட்டிவிட்டு, மறுபடி பம்பின் கீழே வைக்கிறாள்.