சிவப்பு நம்பர் வாட்ச்

"இந்த வாட்சைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க அங்கிள். உங்களை வுட்டா ஊர்ல வேற யாருக்கும் தெரியாது."

கான்ஸ்டபிள் மஞ்சுநாத் பிளாஸ்டிக் கவரை மேசைமேல் வைத்தார். உள்ளே சேறு படிந்த ஒரு கைக்கடிகாரம். முள் இல்லை. கறுப்புக் கண்ணாடி மட்டும்.

தாமோதரன் அதைத் தொடவில்லை. அவர் மனைவி ரத்தினம்மாதான் கேட்டாள்.

"எங்க கெடச்சுது?"

"மூடிக் கெடக்கற மைன்ஸோட பழைய ஷாப்ட்டுக் குழியில ஆண்ட்டி. யாரோ தங்க மண்ணு சுரண்டலாம்னு எறங்கியிருக்கான். அடியில தண்ணி. கொக்கி போட்டதுல கையில இருந்த வாட்ச் மட்டும் கழண்டு வந்துச்சு. பம்ப் வந்து நாளைக்குத்தான் ஆளை எடுப்பாங்க."

"அதுக்கு எங்க வூட்டுக்கு ஏன் வந்தே?"

மஞ்சுநாத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "பட்டனை அழுத்தினா சிவப்பா நம்பர் வர்ற வாட்ச் இது. நம்ம ஸ்கெலட்டன் காலனியில இதெல்லாம் யாரு வூட்டுல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். உங்க பையன் சரத்தைக் காணோம்னு நீங்க கம்ப்ளெய்ண்ட் வேற குடுத்திருக்கீங்க."

சுவரோரம் கண்ணாடி அலமாரியில் நாற்பது கடிகாரங்கள் இருந்தன. மைன்ஸில் வேலை பார்த்த காலத்தில், ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய மேலதிகாரியான ஷிப்ட் பாஸ் ஒருவர் தாமோதரனுக்குக் கொடுத்துப் போனது முதல் கடிகாரம். அதிலிருந்து பிடித்த பைத்தியம். பெங்களூர் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடிச் சேர்த்தார். பாதி அசல், பாதி அச்சு அசலாய் அதே மாதிரி. போலியும் பக்கத்தில் இருந்தால்தான் அசல் தெரியும் என்பார்.

"என் புள்ளை கையில இருக்கறது ஒரிஜினல்" என்றாள் ரத்தினம்மா. "அந்த ஷிப்ட் பாஸ் குடுத்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போற அன்னிக்கு இவருதான் கட்டி வுட்டாரு. 'என்கிட்ட இருக்கறதுலயே நல்லது இதான்டா, ஒரு கஷ்டம்னா யோசிக்காம வித்துடு'ன்னாரு. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்" என்றார் தாமோதரன்.

"வேலை போயி மூணு மாசமா ரூமுல கெடந்தான், மஞ்சுநாத். சனிக்கிழமை போன்ல இன்னா சொன்னான் தெரியுமா? 'அப்பா குடுத்த வாட்ச் இருக்குதும்மா, நாளைக்கு விக்கறதுக்கு ஒரு ஆளுகிட்ட காட்டப்போறேன், நீ தூங்கு'ன்னான். அதுக்கப்புறம்தான் போன் ஆப். அப்பேர்ப்பட்டதைக் கையில வெச்சிகினு இருக்கறவன் செத்துப்போன ஷாப்ட்டுல போயி எறங்குவானா?"

"அதான் ஆண்ட்டி நானும் நெனச்சேன். இது டூப்ளிகேட்னா நம்ம சரத் இல்ல. நீங்க பாருங்க அங்கிள்."

தாமோதரன் கவரிலிருந்து கடிகாரத்தை எடுத்து வேட்டி நுனியால் சேற்றைத் துடைத்தார். பட்டனை அழுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. வாரின் ஒரு பக்கம், அதைக் கோக்கும் ஊசிக்குப் பதில் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இன்னாங்க, வாயைத் தொறந்து சொல்லுங்களேன்."

பேனாக்கத்தியால் பின்மூடியை நெம்பினார்.

"ஒரிஜினல்ல சின்னதா ரெண்டு செல் இருக்கும்" என்றார்.

"இதுல?"

"அகலமா ஒண்ணு." மூடியைத் திரும்ப அழுத்தினார். "டூப்ளிகேட்."

ரத்தினம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுதாள். அழுகை நிற்பதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது.

"இந்தச் சனியனுங்களைக் கட்டிகினு அழறீங்களேன்னு தெனம் திட்டுவேன். இன்னிக்குத்தான் இதுங்களால ஒரு பிரயோஜனம்." கண்ணைத் துடைத்தவள் சட்டென்று நிறுத்தினாள். "பாவம், எவ பெத்த புள்ளையோ. மஞ்சுநாத், அவனோட அம்மா யாருன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுப்பா. நான் போயி கூட உக்காறேன். அந்த நேரத்துல ஒருத்தியைத் தனியா வுடக் கூடாது."

"சொல்றேன் ஆண்ட்டி."

"இரு, டீ குடிச்சிட்டுப் போ. மூணு நாளா இந்த வூட்டுல அடுப்பு எரியல."

அவள் உள்ளே போனாள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

தாமோதரன் எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டுக்குப் பின்னால் கைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்துவந்தார். பஞ்சுக்குள் அதே மாதிரி ஒரு கடிகாரம்.

"அழுத்திப் பாரு."

மஞ்சுநாத் அழுத்தினார். கறுப்புக் கண்ணாடிக்குள் சிவப்பாய் நான்கு எண்கள் எரிந்து அணைந்தன.

"ஷிப்ட் பாஸ் குடுத்தது இதுதான். குடுக்க மனசு வரல. அதே மாதிரி இருந்த ஒண்ணுக்குச் செம்புக் கம்பி போட்டு, ஒரிஜினல்னு சொல்லி அவன் கையில கட்டி வுட்டேன்."

மஞ்சுநாத் சேற்றிலிருந்து வந்த கடிகாரத்தின் செம்புக் கம்பியைத் தொட்டார். தாமோதரன் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"அவனோட அம்மா யாருன்னு கேட்டாளே, நீயே போயி சொல்லிடு தம்பி. என்னால ஆவாது."