சென்சார் வைத்த செருப்பு

திரையில் நடந்துகொண்டிருந்த உருவம் சட்டென்று நின்றுவிட்டது.

"என்னம்மா, ஹேங் ஆயிடுச்சா?" என்றார் வெளித்தேர்வாளர்.

என்னுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட். அவர் கண்முன் ஓடினால்தான் மார்க். ஓடாவிட்டால் இன்னும் ஆறு மாதம் இதே கல்லூரி, இதே பஸ்.

மற்றவர்கள் பல்பை எரியவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். நான்தான் பெரிய இவள் மாதிரி செருப்புக்குள் சென்சார் வைத்தேன். காலை ஊன்றினால் அந்த அழுத்தம் மைக்ரோகன்ட்ரோலருக்குப் போகும். அங்கிருந்து ஓர் எண்ணாகி, ஒயர் வழியே கம்ப்யூட்டருக்கு வரும். கேம் எஞ்சின் அதைப் படித்ததும் உருவம் ஓரடி எடுத்து வைக்கும். நின்ற இடத்திலேயே நடந்தால் போதும், திரைக்குள் கிரிவலம் போய்விடலாம்.

இரண்டு நிமிடம் ஜோராக ஓடியது. செங்கம் சாலையில் திரும்பியதும் மலை முழுசாகத் தெரிந்தது. அங்கேதான் நின்றது.

ப்ராஜெக்ட் கூட்டாளி கோபி, கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். தட்டினால் உருவம் நடக்கும், யாருக்கும் தெரியாது. நான் தட்டவில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

வரும் எண்களைப் பார்த்தேன். பூஜ்ஜியம், பூஜ்ஜியம், பூஜ்ஜியம். செருப்பில் காலே இல்லை என்றது சென்சார்.

குனிந்து பார்த்தேன். இல்லைதான்.

நடந்து காட்ட நான் கூட்டி வந்திருந்த அம்மா, செருப்புகளை மேஜைக்கடியில் ஜோடியாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு திரையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மல வந்துடுச்சே. செருப்போடயா சுத்துவாங்க?"

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது உறைக்கவில்லை பாருங்கள்.

ஆனால் பெருமை தாங்கவில்லை. நான் கம்ப்யூட்டரில் முக்கோணம் முக்கோணமாக ஒட்டிச் செய்த மலையை அம்மா மலையென்றே நம்பிவிட்டாள். இதற்கு மேல் யார் என்ன மார்க் போட்டுவிட முடியும்?

சென்சாரை உருவி, என் தலையிலிருந்த ரப்பர் பேண்டால் அவள் உள்ளங்காலில் கட்டினேன். அம்மா ஓரடி வைத்தாள். திரையில் உருவமும் வைத்தது. வெளித்தேர்வாளர் மார்க்கைப் போட்டுவிட்டு, அடுத்த மேஜைக்குப் போகாமல் அங்கேயே நின்றார்.

இரண்டாவது அடிக்கு முன்னால் அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"செருப்ப பாத்துக்கடி."

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோபுர வாசலில் உட்கார்ந்து, மலை சுற்றப் போகிறவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பவள் அம்மா. இருபது வருஷத்தில் ஒருமுறைகூட அவள் சுற்றியதில்லை.