ரொட்டி இருக்கு, வெண்ணெய் இல்லை

மில்ட்டனின் வானொலிப் பேட்டியை ஜெல்டா அத்தை மூன்றாவது முறையாக நிறுத்தினாள்.

கேள்வி கேட்டாயிற்று. பதில்தான் இன்னும் வரவில்லை.

பதில் சொன்னவரோ எங்கள் சமையலறையிலேயே, மடிக்கணினிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வளையம் போன்ற பேகல் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். பேட்டி வியாழக்கிழமை பதிவானது. இன்று காலைதான் இணையத்தில் ஏறியிருந்தது.

என்ன சொன்னாய் என்று அவரையே கேட்டுவிடலாம். அத்தை கேட்க மாட்டாள்.

இருவரும் சேர்ந்து இசை நாடகம் எழுதுகிறவர்கள். மெட்டு அவர், வார்த்தை அத்தை. பேட்டிக்குக் கூப்பிடுவதென்னவோ அவரைத்தான்.

பேட்டியாளர் கேட்டது அவர்களுடைய ஒரு பாட்டில் வரும் வரியைப் பற்றி. ஓடிப்போன மகனை நினைத்து அம்மா பாடும் பாட்டு அது. ‘ரொட்டி இருக்கு, வெண்ணெய் இல்லை, பரவாயில்லை, வா.’ அந்த வரி வந்ததும் பிராட்வே அரங்கம் மொத்தமும் மூக்கை உறிஞ்சும். அத்தைக்கு விருதே அதற்காகத்தான் கிடைத்தது. குளியலறை அலமாரியில் இருக்கிறது.

ஆனால் அது அத்தை எழுதிய வரி இல்லை.

மெட்டு முந்திக்கொண்டால், வார்த்தை தயாராகும்வரை வாய்க்கு வந்ததைப் போட்டுப் பாடி வைப்பார்கள். பிறகு தூக்கி எறிந்துவிடுவார்கள். அன்று மில்ட்டனுக்கு நல்ல பசி. அத்தை அந்த இடத்தில் எதையெதையோ எழுதிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில் அவர் பசியில் பாடிய வரியே பாட்டில் நிலைத்துவிட்டது.

இது எங்கள் மூவருக்கு மட்டும் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன். நான் இருப்பதை மறந்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

“போடு ஜெல்டா, காபி ஆறுது.”

“நீ வாயை மூடு. அங்கே திறந்தது போதும்.”

அத்தை கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினாள்.

‘அந்த வரியா?’ என்றார் மடிக்கணினிக்குள் இருந்த மில்ட்டன். ‘அதுக்காக ஜெல்டா ஒரு மாசம் தூங்கலை.’

அத்தை மூச்சு விட்டாள். உடனே சீறினாள்.

“ஒரு மாசமா? ரெண்டு நாள்னு சொன்னா என்ன? இவ்வளவு மந்தமான்னு ஊரே சிரிக்கும்!”

“பொய்யைக் கொஞ்சம் பெருசாத்தானே சொல்லணும், தாயே.”

அவருடைய தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். பேட்டியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

‘வா’ என்கிற இடத்தில் மெட்டு சட்டென்று கீழே இறங்குகிறதே, அது எப்படித் தோன்றியது என்று பேட்டியாளர் கேட்டார்.

‘அதுவா? ஹட்சன் ஆத்தங்கரையில தனியா நடந்துக்கிட்டிருந்தேன்...’

மில்ட்டன் மடிக்கணினியை மூடக் கை நீட்டினார். அத்தை அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முழுக்கக் கேட்டாள். ஆறு வந்தது, பனி வந்தது, தூரத்தில் ஒரு கப்பல்கூட ஊதியது.

“கப்பல் வேறயா?”

மில்ட்டன் பேகலின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பியானோவில் அவர் அந்த இடத்தை உச்சிக்கு ஏற்றி வைத்திருந்தார். இதே சமையலறையில், வெந்த நூடுல்ஸை வடித்துக்கொண்டே முணுமுணுத்து, அதைக் கீழே இறக்கியது அத்தை.

அத்தை பேட்டியை நிறுத்தினாள். முகமெல்லாம் சிரிப்பு.

“உன்கிட்டச் சொல்லவே இல்லையே, மில்ட்டன். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டிருக்காங்க.”