லாம்புக் கூட்டிலை சிமிக்கி

"அங்கை பாருங்கோ, திரும்பவும் வந்திட்டார்!"

பக்கத்து மேசையிலை சீலை விக்கிற கிளடிஸ் கண்ணாலை காட்டினா. நான் றோல்ஸ் தட்டை வைச்சுப்போட்டு எட்டிப் பாத்தன்.

இக்னேசியஸ் அண்ணைதான். கக்கத்துக்குள்ளை ஒரு பழைய மேசை லாம்பின்ரை மூடி. துணியெல்லாம் பிச்செறிஞ்சு வெறும் கம்பிக் கூடு. நேரா குணவதியின்ரை மேசைக்குத்தான் போறார்.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. கனடாவிலை, மோர்னிங்சைடிலை சனிக்கிழமையளிலை ஒரு ஹோலை வாடகைக்கு எடுத்து எங்கடை ஆக்கள் மேசை போடுவினம். நான் றோல்ஸ், பற்றிஸ் பொரிச்சு விப்பன். குணவதி கவரிங் நகை.

குணவதிக்குப் புருசன் செத்து ஆண்டுத் திவசம் அப்பதான் முடிஞ்சது. ரெண்டு சின்னப் பிள்ளையள். நகையெல்லாத்தையும் பெட்டியளுக்குள்ளை வைச்சு, கேக்கிற ஆக்களுக்கு ஒண்டொண்டா எடுத்துக் குடுப்பா. முதல் மாசம் யாவாரமே இல்லை.

"இதுவும் சரிவராட்டில் திரும்பக் கிளீனிங் வேலைக்குத்தான் அக்கா போகோணும். பிள்ளையளை ஆரிட்டை விடுறது?" எண்டு என்னட்டைச் சொல்லி அழுதவா.

அந்த நேரம் பாத்துத்தான் இந்த மனிசன் வந்து சேர்ந்தார். ஃபக்ரறியிலை வேலை. இவரின்ரை மனிசியும் செத்து நாலு வருசம்.

ஒவ்வொரு கிழமையும் பழைய சாமான் கடையிலை எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். குசினியிலை பேப்பர் றோல் செருகிற தடியிலை காப்பு அடுக்கினார். கோப்பை கொழுவுற ஸ்ராண்டிலை சங்கிலி தொங்கிச்சுது. படச் சட்டத்திலை கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, யன்னல் வலையை இழுத்துக் கட்டித் தோடு குத்தினார். இண்டைக்கு லாம்புக் கூட்டைச் சுத்திச் சிமிக்கி.

எல்லாம் வெள்ளைக்காரன் வேண்டாமெண்டு எறிஞ்ச குப்பை! யாவாரம் பிச்சுக்கொண்டு போகுது, அது வேறை கதை.

"புருசன் இல்லாத பொம்பிளைக்குப் பின்னாலை உந்த மனிசன் ஏன் திரியோணும்? சேர்ச்சிலையும் கதைக்கினம்" எண்டா கிளடிஸ்.

"விடும், நானே கேக்கிறன்."

எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே. அவர் பற்றிஸ் வாங்க வந்த உடனை பிடிச்சிட்டன்.

"அண்ணை, ஒண்டு கேட்டா கோவிக்கமாட்டியளே?"

"கேளுங்கோ தங்கச்சி."

"உந்தக் குப்பையளைக் கொண்டுவந்து அவவின்ரை மேசையிலை ஏன் குவிக்கிறியள்? சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. முந்தி மாதிரி அவ தன்ரை கையாலை எடுத்துக் குடுத்தா ஆகாதோ?"

அவர் பற்றிஸைக் கடிக்கேல்லை. "எடுத்துக் குடுத்தா வாங்கினவையோ?"

எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.

"நான் இஞ்சை வந்த முதல் கிழமை உதிலை தேத்தண்ணியோடை நிண்டனான். ஒரு பொம்பிளை மகளுக்குக் காப்பு வாங்க வந்தவா. குணவதி எடுத்து நீட்டினா. மற்றவா கையைப் பின்னுக்கு இழுத்துப்போட்டு, 'உதிலை வையுங்கோ, நான் எடுக்கிறன்' எண்டா. மேசையிலை வைச்ச பிறகுதான் தொட்டவா. அதைப் பாத்துக்கொண்டு நிண்ட ரெண்டு பேர் வாங்காமலே போயிட்டினம். குணவதிக்குக் கண் கலங்கிப்போச்சு."

"சீ! கனடாவுக்கு வந்தும் உப்பிடிச் சனமோ?" எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"என்ரை மனிசியும் செத்துத்தான் போனவா. என்ரை கையாலை வாங்க ஆரும் ஒருநாளும் யோசிக்கேல்லை." அவர் ஹோலை ஒருக்காச் சுத்திப் பாத்தார். "சனத்தைத் திருத்த என்னாலை ஏலாது தங்கச்சி. எல்லாத்தையும் வெளியிலை கொழுவிவிட்டா அவையளே எடுத்துப் பாப்பினம். அவ ஆருக்கும் கையை நீட்டிப்போட்டு நிக்கத் தேவையில்லை. அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வடிவுக்குத்தான் செய்யிறனெண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"அது கிடக்கட்டும். ஆரண்ணை அந்த மூதேவி?"

இக்னேசியஸ் அண்ணை பற்றிஸைப் பாத்துக்கொண்டே சொன்னார்.

"மறந்திட்டியள் போலை. மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கெண்டு ரெண்டு டசின் காப்பு வாங்கினியள்."

சத்தியமா நான் நினைச்சுச் செய்யேல்லை. நல்ல காரியமெண்ட உடனை என்ரை கை தன்ரை பாட்டிலை பின்னுக்குப் போயிருக்கு. வெக்கத்திலை செத்துப்போனன்.

அவர் போன உடனை மேசையைக் கிளடிஸிட்டை விட்டிட்டு விறுவிறெண்டு நடந்தன்.

"குணவதி, எனக்குப் பச்சைக் காப்பு ஆறு வேணும்."

"உந்தத் தடியிலை கிடக்கு அக்கா, எடுங்கோ."

"இல்லை. உங்கடை கையாலை போட்டுவிடுங்கோ."

குணவதி என்னை நிமிந்து பாத்தா. சிமிக்கி பாத்துக்கொண்டு நிண்ட பொம்பிளையளும் திரும்பிப் பாத்தினம். நல்லாப் பாக்கட்டுமெண்டு கையை உயத்திப் பிடிச்சன்.

என்ரை எண்ணைக் கையை ஒரு துணியாலை துடைச்சுப்போட்டு, ஒண்டொண்டா ஏத்தினா. பக்கத்திலை நிண்ட ஒரு பொம்பிளையும் தன்ரை மகளின்ரை கையைப் பிடிச்சு முன்னுக்கு நீட்டினா.

கடைசிக் காப்பு ஏறேக்கை குணவதி எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னா:

"அண்ணை சொல்லிப்போட்டார் என்ன? உதெல்லாம் ஏன் செய்யிறாரெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுத்தான் பாவம், இவ்வளவு பாடுபடுறார். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா."