பீற்றூட்டோடு குடிக்க வேண்டிய வைன்

"அந்தக் கறியைக் குசினிக்குள்ளேயே வையும். இந்த வைனுக்கு முன்னால அதைக் கொண்டுவந்து என்ர மானத்தை வாங்காதையும்" என்றார் விக்னராஜா.

அவருடைய மனைவி யோகராணி விடியவே எழுந்து சமைத்த ஆட்டிறைச்சிக் கறி, வந்த வழியே திரும்பிப் போனது. அதன் இடத்தில் உப்புச் சப்பில்லாமல் வாட்டிய ஆட்டுத் தொடையும், சீஸும், தகர டின்னிலிருந்து கொட்டிய பீற்றூட்டும் மேசைக்கு வந்தன.

எஞ்சினியர் விக்னராஜா சிட்னிக்கு வந்து நாலு வருடம். வைன் குடிக்கப் பழகி நாலு மாதம். அந்த நாலு மாதத்துக்குள் பரமட்டாவில் பியர் குடிக்கும் தமிழர்கள் எவரையும் அவர் மனிதராக மதிப்பதை விட்டிருந்தார். 1976இல் அப்படிப் பார்த்தால் மிஞ்சியது அவர் ஒருவர்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த சிறி, அவருடைய தங்கை ரஞ்சினியைப் பெண் கேட்டு வந்தவன். இருவருக்கும் விருப்பம், அண்ணன் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. செவன் ஹில்ஸில் ஏதோ ஓர் இறக்குமதிக் கம்பனியில் டைப் அடிக்கிறான் என்று கேட்டதுமே அண்ணனின் முகம் கோணிவிட்டது. என்ன இறக்குமதி என்று விசாரிக்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை.

விக்னராஜா கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடி ஒரு நிமிடம் செத்தவர் மாதிரி இருந்தார். சிறிக்கும் ஊற்றப் போனார். பழக்கமில்லை என்று அவன் மறுத்ததும், எதிர்பார்த்ததுதான் என்று சிரித்தார்.

பிறகு பாடம் தொடங்கியது. இது போர்த்துக்கல் நாட்டுச் சிவப்பு வைன், மூன்று வகைத் திராட்சை கலந்தது, இதோடு கண்டதையும் தின்பவன் காட்டான் என்றார். போர்த்துக்கீசர் முந்நூறு வருடமாக இதைப் பீற்றூட்டோடுதான் குடிக்கிறார்களாம்.

சிறி பீற்றூட்டைப் பார்த்தான். பசி வேறு. குசினி வாசலில் நின்ற யோகராணியிடம், அந்தக் கறியில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டான்.

அதோடு காரியம் கெட்டது. ருசி தெரியாதவனுக்குத் தன் வீட்டில் பெண் இல்லை என்று விக்னராஜா தீர்ப்புச் சொன்னார். யோகராணிக்குப் பின்னால் நின்ற ரஞ்சினிக்குக் கண் கலங்கியது. கறிக்கும் கலியாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோகராணி கேட்டதை அவர் காதில் வாங்கவே இல்லை.

போத்தலின் கழுத்தில் தொங்கிய சின்ன அட்டையைக் கழற்றி, சிறியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டார்.

"வாசியும். எந்தச் சாப்பாட்டோட இதைக் குடிக்கவேணும் எண்டு நாலே வரியில எழுதியிருக்கு. இப்பிடி எழுதத் தெரிஞ்ச ஒருத்தன் வந்து கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு ரஞ்சினியைக் குடுப்பன்."

சிறி அட்டையை எடுக்கவில்லை. கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னான்.

"இந்த அட்டைக்கு எங்கட முதலாளி மூண்டு சாப்பாட்டுப் பேர் கேட்டார்; அண்டைக்கு எங்கட கன்டீனில இருந்ததைத்தான் அண்ணை, நான் எழுதிக் குடுத்தனான்."