ஈயம் வைத்த கம்பி

மின்சாரத்தை மெதுவாக ஏற்றினால் காந்தம் அமைதியாக இருந்தது. வேகமாக ஏற்றி இறக்கினால் மட்டும் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்த வேண்டிய அதன் மீகடத்திக் கம்பி சூடாகி, சுற்றியிருந்த திரவ ஹீலியத்தைக் கொதிக்கவைத்தது. ஏனென்று மரகதவல்லிக்குப் பிடிபடவில்லை. கம்பியைத் தயாரித்தவளே அவள்தான். போன மாதம் அப்படிக் கொதித்த ஹீலியம் சோதனைக் குழியிலிருந்த காற்றையெல்லாம் வெளியே தள்ளியபோது, உள்ளே அவள் கணவன் இளம்பரிதி கசிவு தேடிக்கொண்டிருந்தான்.

“லீவு எடுத்துக்கோம்மா, நான் பாத்துக்கறேன்,” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர் தேவசகாயம்.

“வீட்ல போய் என்ன சார் பண்ண? அங்கயும் இதான் ஓடும்.”

மிச்சமிருந்த கம்பியை அறுத்து, வெட்டுமுகத்தை லென்சில் பார்த்தாள். இரண்டு அடுக்காகப் பின்னிய மெல்லிய இழைகள். ஓர் இழை தடுமாறினால் பக்கத்து இழை மின்சாரத்தை வாங்கிக்கொள்ளட்டும் என்று எல்லாவற்றையும் ஈயம் வைத்து ஒட்டியிருந்தாள். மெதுவான காந்தங்களுக்கு அதுதான் வழக்கம். “நீ ஒட்டுனத எமன் வந்தாலும் பிரிக்க முடியாதுடி,” என்று இளம்பரிதி கிண்டல் செய்வான்.

காந்தப்புலம் வேகமாக மாறும்போது, ஒட்டிய இழைகளுக்குள்ளேயே வேறொரு மின்சாரம் பிறந்து சுற்றிவரும். அந்த ஈயத்தின் வழியாகப் பாயும்போது கம்பி சூடாகும்.

“ஒட்டுனதுதான் சார் தப்பு.”

“யாரா இருந்தாலும் அப்படித்தாம்மா ஒட்டியிருப்பாங்க.”

“ஒட்டுனது நான்.”

புதிய கம்பிக்கு அவள் ஈயம் வைக்கவில்லை. இரண்டு அடுக்குகளும் தொடாதபடி நடுவே, மின்சாரத்தை எளிதில் கடக்கவிடாத மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை ஓடவிட்டாள். காந்தம் வேகமாக ஏறி இறங்கியது. ஹீலியம் கொதிக்கவில்லை.